பூமாலை போகும் இடம்

"எங்கடி கெளம்பிட்ட? புள்ள இன்னும் பால் குடிச்சி முடிக்கல... அதுக்குள்ள பஸ்ஸா?"

சாலம்மாள் போட்ட சத்தத்தில் வடக்கனந்தல் தெருவே திரும்பிப் பார்த்தது. மருமகள் பூமாலை நிமிராமல் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"கள்ளக்குறிச்சிக்குத்தான் அத்தே. மத்தியானத்துக்குள்ள வந்துர்றேன்."

"நேத்தும் கடைக்குன்னுதான் சொன்ன! வெறுங்கையாத்தான வந்த?"

கைக்குழந்தையை மாமியார் மடியில் கிடத்திவிட்டு அவள் விடுவிடுவென்று நடந்தாள்.

மகன் அய்யனார் கரும்பு டிராக்டரோடு மூங்கில்துறைப்பட்டு ஆலையில் கிடந்தான். அரவை முடியாமல் வரமாட்டான். அவன் இல்லாத நேரம் பார்த்து இவள் தினமும் போகிறாள். மாட்டுக்கொட்டகையில் நின்று போனில் குசுகுசுக்கிறாள். முந்தாநாள் அந்தப் போனில் கேட்டது ஆம்பிளைக் குரல்! "பயப்படாதீங்க, அத்தைக்குத் தெரியாது" என்று இவள் சொன்னதும் சாலம்மாள் காதில் விழுந்தது.

மடியில் பேரன் புட்டிப்பாலைத் துப்பிவிட்டு வீறிட்டான். முன்பெல்லாம் பூமாலைக்குப் பால் பொங்கி வழியும். இப்போது பிள்ளைக்கே பற்றவில்லை, ஏன்?

"பெத்த புள்ள வாயில மண்ணப் போட்டுட்டு எவன் கூடடி சுத்துற..."

பேரனை இடுப்பில் தூக்கிக்கொண்டு, பஸ்ஸின் பின்னாலேயே ஷேர் ஆட்டோவில் போனாள். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் லுங்கி கட்டிய ஒருவன் பூமாலைக்காகக் காத்திருந்தான். இருவரும் பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தார்கள். சாலம்மாளும் பின்னாலேயே நுழைந்தாள். மாடியேறிப் போய் அவன் சட்டையைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்தாள்.

"யார்ரா நீ?"

அவன் திரும்பினான். பழனி! கல்வராயன் மலைக்காரன். சாலம்மாளின் மகள் ஆண்டாள் ரெண்டு வருஷத்துக்கு முன் விரும்பிக் கட்டிக்கொண்டு போனது இவனைத்தான். அன்றே மகளைத் தலைமுழுகியவள் சாலம்மாள். 'அவ பேர எவ எடுத்தாலும் நான் தூக்குல தொங்கிருவேன்' என்று சாமி முன்னால் கத்தியவள்.

அறைக்குள் கட்டிலில் ஆண்டாள் காய்ச்சலில் துவண்டு கிடந்தாள். பக்கத்தில் பூமாலை. அவள் முந்தானைக்குள் ஒரு பச்சைமண் முட்டி முட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தது.

"கொறமாசத்துல பொறந்துடுச்சி அத்தே... ஆண்டாளுக்குப் பால் வரல. புட்டிப்பாலு ஒத்துக்கல, வவுத்தால போவுது..."

"ஏங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"தூக்குல தொங்குவேன்னீங்களே!" பூமாலை உடைந்து அழுதாள். "நீங்க என்ன சந்தேகப்படறது எனக்குத் தெரியும் அத்தே. என்ன இன்னா வேணா நெனச்சிக்கட்டும், ஒரு உசுரு பொழைக்கட்டும்னு இருந்துட்டேன்..."

சாலம்மாளும் ஒருகாலத்தில் மருமகளாக இருந்தவள்தான். கரும்புக்காட்டிலிருந்து இருட்டி வந்த ஒருநாள், மாமியார் அவள் உள்ளங்கையில் சூடத்தை ஏற்றிச் சத்தியம் வாங்கினாள். கை கொப்புளித்தது. 'எனக்கு வர்றவள இப்பிடி வதைக்க மாட்டேன்' என்று அன்று எவ்வளவு அழுதாள்! இத்தனை நாளும் இவளை மோப்பம் பிடித்துத் திரிந்தது யார்? அந்தக் கிழவியேதான்... தன் உருவத்தில்!

"நான் பாவிடி பூமாலை... என்ன மன்னிச்சிரு."

இடுப்பில் பேரன் பசியில் கத்தினான். பூமாலை அவசரமாகக் கை நீட்டினாள். சாலம்மாள் தடுத்தாள்.

"மொதல்ல எம் பேத்தி வவுறு நெறையட்டும். இவன் தடிப்பய, ஆட்டுப்பாலுகூட செரிக்கும். மிச்சம் இருந்தா இவனுக்குக் குடு."

பேச்சுக் குரல் கேட்டு ஆண்டாள் கண் திறந்தாள். "யம்மா..."

சாலம்மாள் கட்டிலில் ஏறி உட்கார்ந்து மகளின் தலையை மார்போடு அணைத்துக்கொண்டாள். இருவருமே அழுதார்கள்.

வாசலிலேயே தயங்கி நின்றான் பழனி. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனை முதல்முறையாக ஏறிட்டுப் பார்த்தாள் சாலம்மாள்.

"மாப்ள... கீழ போயி இட்லி வாங்கிக்கினு வாங்க. எம் மருமவ காலையிலேர்ந்து பச்சத்தண்ணி குடிக்கல."