மூன்றாவது சிலிண்டர்

காளவாசல் சிக்னலில் நின்றால்தான் அது வரும். ஓடும்போது ஒன்றும் தெரியாது. திண்டுக்கல் சாலையில் எண்பதில் வந்தாலும் வண்டி முனகாமல் வரும். சிவப்பு விளக்கைப் பார்த்து கிரிதரன் கியரை எடுத்ததும் இருக்கைக்கு அடியில் குலுக்கல் ஆரம்பித்துவிடும். ஸ்டியரிங் நடுங்கும், கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருந்த பிள்ளையார் தலையாட்டுவார், மீட்டரில் முள் மெல்ல ஏறி இறங்கும், ஏறி இறங்கும், ஏறி இறங்கும், நாலாவது முறை ஏறாது. இதோ அணைந்துவிட்டது என்று நினைக்கும்போது எங்கிருந்தோ ஒரு மூச்சு பிடித்துக்கொண்டு மறுபடி ஓடும். அந்த இடைவெளியில் அவன் ஒவ்வொரு முறையும் பின்சீட்டைத் திரும்பிப் பார்ப்பான். மகளின் தண்ணீர் பாட்டிலைத் தவிர அங்கே ஒன்றும் இருக்காது.

பார்ப்பதற்குக் காரணம் இருந்தது. கிரிதரன் தண்ணீர் மோட்டார் விற்கும் கம்பெனியில் வேலை பார்ப்பவன். வாரத்தில் பாதி நாள் திண்டுக்கல் பக்கம்தான் அலைச்சல். போன மாதம் ஒரு மாலை தனியாகத் திரும்பி வரும்போது சமயநல்லூர் தாண்டி சாலையோரத்தில் ஒரு பைக் கிடந்தது, பக்கத்தில் ஓர் ஆளும் கிடந்தான். நாலைந்து பேர் கூடி நின்று போன் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றதும், என்ன நினைத்தானோ, கிரிதரன் பின்கதவைத் திறந்துவிட்டான். தூக்கிக் கிடத்தியவர்களில் ஒருவரும் கூட ஏறவில்லை.

வழியெல்லாம் அந்த ஆளின் மூச்சு மட்டும்தான் கேட்டது. ஈரத் துணியை இழுப்பதுபோல மூன்று மூச்சு, பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை, மறுபடி மூன்று. காளவாசலில் சிவப்பு விழுந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. அடுத்ததற்காக கிரிதரன் காத்திருந்தான். பச்சை விழுந்து, பின்னால் நின்ற பஸ் ஹாரன் அடித்து, ஆட்டோக்காரர் தலையை நீட்டித் திட்டி, மறுபடி சிவப்பு விழுகிற வரைக்கும் காத்திருந்தான்.

ஆஸ்பத்திரியில் எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். செத்தவன் பெயர்கூட அவனுக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தான், தயிர்சாதம் சாப்பிட்டான், படுத்ததும் தூங்கிப்போனான். அழுகை வரவில்லை, பயமும் வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்த்தால் யாருடைய கன்னமோ மாதிரி இருக்குமே, அன்று முதல் உடம்பு முழுக்க அப்படித்தான் இருந்தது. மனைவி இந்துப்ரியா இரண்டு முறை கேட்டுப் பார்த்தாள். வேலை ஜாஸ்தி என்று சொல்லி வைத்தான்.

அதற்குப் பிறகு ஆரம்பித்த வண்டிக் கோளாறையும் அப்படியே விட்டிருப்பான். ஆனால் சின்னவள் காவ்யஸ்ரீ தினமும் அந்தப் பின்சீட்டில்தான் பள்ளிக்கூடம் போகிறாள். அந்த மூச்சு அவள் முதுகுக்குக் கீழே கேட்பது அவனுக்குப் பிடிக்கவில்லை. கொஞ்சமாவது உறுத்திய விஷயம் அது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் சிவபாண்டியின் ஷெட்டுக்கு வண்டியைக் கொண்டுபோனான்.

சிவபாண்டி பல வருஷமாக அவன் வண்டியைப் பார்க்கிறவன், வாயும் கையும் சேர்ந்தே ஓடும். பானட்டைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டான். நாலு சிலிண்டருக்கும் தலைக்கு ஒன்றாக நெருப்புப்பொறி கொடுக்கும் காயில் நாலு வரிசையாக இருந்தன.

"நாலுல மூணுதான்ணே வேலை பாக்குது. இந்தா, ஒண்ணாவது வயரைப் புடுங்குறேன். சத்தம் எறங்குதா? அப்ப அது உசுரோட இருக்கு."

இரண்டாவதைப் பிடுங்கினான், எஞ்சின் தடுமாறித் தாழ்ந்தது. நாலாவதும் அப்படியே. மூன்றாவதைப் பிடுங்கியபோது ஒன்றுமே ஆகவில்லை. அதே குலுக்கல், அதே சத்தம்.

"எறங்கலைல? புடுங்கியும் சத்தம் மாறலேன்னா அது செத்துருச்சுன்னு அர்த்தம்ணே. நம்மதான் ஓடுதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கோம்."

அதோடு விடவில்லை. மூன்றாவது காயிலைக் கழற்றி ஒன்றாவதில் போட்டான், ஒன்றாவதை மூன்றாவதில் போட்டான். கோளாறு சிலிண்டரில் என்றால் அங்கேயே நிற்குமாம், காயிலில் என்றால் காயில் போகிற இடத்துக்கெல்லாம் கூடவே போகுமாம். போயிற்று. மூன்றாவது பிழைத்துக்கொண்டது, ஒன்றாவது செத்தது. புதுக் காயில் ஒன்று வரவழைத்து மாட்டியதும் எஞ்சின் அடங்கிவிட்டது. முள் அசையாமல் நின்றது. பிள்ளையாரும் நின்றார்.

"பழசைக் குடுத்துரு, சிவபாண்டி," என்றான் கிரிதரன்.

"அதை வச்சு என்னண்ணே செய்யப் போறீக? கெடக்கட்டும் இங்கனயே."

ஆனால் பழசைக் கையில் வாங்காமல் கிளம்புகிற வழக்கம் கிரிதரன் குடும்பத்தில் கிடையாது. புதுசு போட்டதற்குப் பழசுதான் சாட்சி என்று ஃபேன் ரெகுலேட்டர் முதல் மிக்ஸி பிளேடு வரை வாங்கி வைத்துக்கொள்கிற வம்சம். அட்டைப்பெட்டி நிறைய சாட்சிகள் பரணில் கிடக்கின்றன. சிவபாண்டி சிரித்துக்கொண்டே பேப்பரில் சுற்றிக் கொடுத்தான். எஞ்சின் சூடு போய் வெகுநேரம் ஆகியும் அந்தப் பொட்டலம் கதகதவென்று இருந்தது. கிரிதரன் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

கோச்சடை வீட்டில் சாப்பாடு முடிந்து எல்லோரும் ஹாலில் படுத்தார்கள். சித்திரை வெயிலுக்கு ஜன்னலையெல்லாம் சாத்தி, கனத்த திரையை இழுத்துவிட்டால் பகல் இரண்டு மணியும் மாலை மங்கல்போல ஆகிவிடும். வழக்கமான வரிசைதான்: சுவரோரம் இந்துப்ரியா, அடுத்து பெரியவள் தாரணி, அடுத்து காவ்யஸ்ரீ, கதவோரம் கிரிதரன். தலைமாட்டில் ஷோகேஸ். பொட்டலத்தைப் பரணில் போட ஏணி எடுக்கச் சோம்பல்பட்டு அதன் மேல்தட்டில் வைத்திருந்தான். மின்விசிறி சுற்றியது. பொரித்த அப்பளமும் பினாயிலும் கலந்த வாசனை தரையிலிருந்து எழுந்தது. வெளியே எங்கேயோ ஒரு ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டு போயிற்று.

அவனுக்குத் தூக்கம் வரவில்லை. மூன்று பேரின் மூச்சும் விசிறிச் சத்தத்துக்கு அடியில் கேட்டது. இந்துப்ரியாவுடையது கனமாக, தாரணியுடையது மூக்கடைப்போடு, காவ்யாவுடையது பூனைக்குட்டி மாதிரி மெல்ல. அப்புறம் காவ்யாவுடையது நின்றது.

குழந்தைகள் தூக்கத்தில் அப்படித்தான் என்று சொல்லிக்கொண்டான். மறுபடி வந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. நின்றது.

மெதுவாக எழுந்து உட்கார்ந்து அவள் மூக்கருகே விரலை வைத்தான். காற்று இல்லை. மங்கலில் அவள் உதடு சாம்பல் நிறமாகத் தெரிந்தது. பயம் வரவேண்டிய நேரம் இது என்று அவனுக்குத் தெரிந்தது, வரவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினான். அவள் கண் திறக்கவில்லை. ஈரத் துணியை இழுப்பதுபோல ஒரு மூச்சு வந்தது. அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும். ஏழு வயசுக் குழந்தையின் நெஞ்சிலிருந்து வரக்கூடிய சத்தம் இல்லை அது.

வரிசையைப் பார்த்தான். மூன்றாவது. தலைக்கு நேர் மேலே, ஷோகேஸில், பொட்டலம்.

எழுந்து அதை எடுத்தான். பேப்பர் சுடச்சுட இருந்தது. கையில் எடுத்த அந்த நிமிஷமே காவ்யஸ்ரீ நீளமாக ஒரு மூச்சை இழுத்து, ஒருக்களித்துப் படுத்து, வாயைச் சப்புக்கொட்டினாள். உதட்டில் நிறம் திரும்பியது. சீரான மூச்சு. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. அவனுக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு மாதத்தில் முதல் முறையாக ஏதோ ஒன்று உள்ளே இளகியது.

இப்போது இதை எங்கே வைப்பது? வைக்கிற இடத்துக்குக் கோளாறும் கூடவே போகும். சமையலறையில் இந்துப்ரியா நிற்பாள். பரணுக்குக் கீழே தாரணி படிப்பாள். வண்டியில் வைத்தால் பின்சீட்டில் சின்னவள். தெருவில் எறிந்தால் யார் வீட்டுப் பிள்ளை பொறுக்குமோ. வேறு வழி தோன்றவில்லை. பொட்டலத்தைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு தன் இடத்தில் மல்லாந்து படுத்தான். என்னோடு இருக்கட்டும் என்று நினைத்தான்.

நெஞ்சில் சூடு பரவியது. பிறகு அந்தச் சூடும் தெரியவில்லை.

கேட்டான். நாலு மூச்சு. இந்துப்ரியா. தாரணி. காவ்யா. நாலாவது தன்னுடையது. நாலும் ஒழுங்காகத்தான் ஓடின. ஆனாலும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று தோன்றியது. சிவபாண்டி பார்த்த மாதிரி.

மூச்சை அடக்கினான்.

சத்தம் இறங்கவில்லை.

விசிறிக்கு அடியில் நாலு மூச்சு. அதே நாலு. வாயைப் பொத்தினான். மூக்கையும் சேர்த்து இறுக்கிப் பிடித்தான். விரல்களை அவனால் உணர முடியவில்லை, ஆனால் பிடித்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. திணறவில்லை. காது அடைக்கவில்லை. விளக்கு சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறி மறுபடி சிவப்பாகிற அளவு நேரம் போயிற்று. ஒன்றும் ஆகவில்லை.

நாலாவது மூச்சு அவனுக்கு மிக அருகில் இருந்தது. ஈரமாக இருந்தது.

காவ்யஸ்ரீ தூக்கத்தில் புரண்டு வந்து, எப்போதும் போல, அவன் நெஞ்சின்மேல் கையைப் போட்டுக்கொண்டாள். மூக்கும் வாயும் பொத்தியபடி கிரிதரன் அந்தச் சின்னக் கையையே பார்த்துக்கொண்டு கிடந்தான். அது சட்டையோடு சேர்ந்து உயர்ந்தது. தாழ்ந்தது. உயர்ந்தது. தாழ்ந்தது. உயர்ந்தது. தாழ்ந்தது.

அடுத்ததற்காக அவன் காத்திருந்தான்.