வழி அடைத்த வீடு

ஊர்வலம் சர்ச் சரிவைத் தாண்டி மறைந்து வெகு நேரமாகியும் கம்பால் தட்டும் சத்தம் நிற்கவில்லை. டார்கஸ் டான்ஸ்லி கெட்டிலைக் கையில் பிடித்தபடி காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். வெளியே சாயங்காலத் தூறல். சந்தை கலைந்த தெருவிலிருந்து ஆட்டுக் கவிச்சியும் ஈர வைக்கோல் வாடையும் கதவிடுக்கு வழியாக வந்துகொண்டிருந்தன. சந்தைத் தொட்டியில் ஒரு தட்டு. பிறகு வேலிக்கல்லில் ஒன்று. போனவர்கள் திரும்பி வருகிறார்கள் என்றால் சிரிப்பும் ஏப்பமும் அல்லவா முதலில் கேட்க வேண்டும்!

ஸ்டோக்கன்பரி ஊரின் எல்லை அவள் வீட்டு வாசலில் நுழைந்து சமையலறைப் பின்ஜன்னல் வழியாக வெளியேறுகிறது. வருஷா வருஷம் மே மாதம் ஊரே வில்லோ மரக் கம்புகளால் எல்லைக் குறிகளைத் தட்டிக்கொண்டு எல்லை நடக்கும்போது வீட்டுக்குள் புகுந்துதான் போவார்கள். ஜன்னலடியில் தரையோடு பதிந்த எல்லைக் கல்லில் ஒரு பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்து உச்சந்தலையை இடிப்பார்கள், எல்லை மறக்கக் கூடாதாம். டார்கஸின் தலையையும் சின்ன வயதில் இடித்திருக்கிறார்கள். அந்தத் தழும்பில் இன்றும் முடி முளைப்பதில்லை. ஊர்வலம் போன பிறகும், பின்னால் வருகிறவர்களுக்காக, விளக்கேற்றும் வரை வாசலையும் ஜன்னலையும் திறந்தே வைக்க வேண்டும் என்பது வழக்கம். மிச்ச பீருக்குத் திரும்பி வரும் குடிகாரர்கள் கட்டிவிட்ட கதை அது என்பது அவள் எண்ணம்.

போன வருஷம் அவள் புருஷன் ஆம்புரோஸ் இதே சமையலறையில் சாகக் கிடந்தார். கசாப்புக்காரர், கத்திக்கு ஒரு மோதிர விரலைக் கொடுத்தவர். ஒரு வருஷம்கூட எல்லை நடக்கத் தவறாதவர். கம்புச் சத்தம் கேட்டதும் எழுந்துபோகத் துடித்தார். ஊர்க்காரர்கள் தொப்பியைக்கூட எடுக்காமல், சேற்றுக் காலோடு, கட்டிலை இடித்துக்கொண்டு ஜன்னலேறிக் குதித்துப் போனார்கள். இருட்டுவதற்குள் அவர் போய்விட்டார். அடக்கம் முடிந்த வாரமே டார்கஸ் ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தாள். இனி ஒரு பயல் இந்த வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

இன்று மத்தியானம் வாசலில் ஒரே ரகளை. மாட்டுச் சந்தையில் ஏலம் விடும் பெர்சி லக்கெட்தான் முன்னால் நின்றான்.

"ஏய் டார்கஸு! கதவத் தெறடி! ஜன்னலயா அடச்ச? கிறுக்கு புடிச்சிருச்சா ஒனக்கு?"

"ஆமாடா, கிறுக்குதான். எம் புருஷன் உசுரு போய்க்கிட்டு இருந்தப்ப அவரு கட்டில்ல பீர் கோப்பய வச்சவன்தானடா நீ? ஆத்தங்கர வழியா சுத்திப் போ!"

கூட்டம் ஊளையிட்டது. யாரோ கதவில் காறித் துப்பினார்கள். பெர்சி மட்டும் திடீரென்று குரலைத் தாழ்த்தினான்.

"நாங்க சுத்திப் போயிருவோம். பின்னால வர்றவங்க சுத்திப் போக மாட்டாங்க. நீயும் இந்த ஊர்ல பொறந்தவதான?"

இப்போது தட்டல் அவள் வாசற்படியில் கேட்டது. பிறகு கதவில், ஒரே ஒரு தடவை, மரியாதையாக.

டார்கஸுக்கு ரத்தம் கொதித்தது. பயமுறுத்திப் பார்க்கிறானா பெர்சி! கெட்டிலை வைத்துவிட்டு அடுப்புக் கம்பியை எடுத்துக்கொண்டு போய்த் தாழ்ப்பாளை நீக்கிக் கதவை விரியத் திறந்தாள்.

"வாடா, இன்னிக்கு ஒன் மண்டய..."

தெரு காலியாக இருந்தது.

ஏதோ ஒன்று அவள் தோளை உரசிக்கொண்டு உள்ளே போனது. ஈரக் கம்பளி நாற்றம். பச்சை வில்லோப் பட்டையின் கசப்பு வாடை. பின்னாலேயே இன்னொன்று. அதன் பின்னால் இன்னொன்று. கூடத்துத் தரைப் பலகைகள் ஒவ்வொன்றாக முனகின. வழித்துத் துடைத்த தரையில் சேற்றுக் கால்தடங்கள், எல்லாம் சமையலறையை நோக்கி.

கதவைச் சாத்தப் பார்த்தாள். சாத்த முடியவில்லை. நிலைப்படியில் எப்போதும் யாரோ இருந்தார்கள். வெளியே ஓடப் பார்த்தாள். குளிர்ந்த நெஞ்சுகள் அவளை உள்ளே தள்ளின. அவசரமில்லாமல். கோபமில்லாமல். சந்தைக்குள் மாடுகளைப் பட்டிக்கு ஒதுக்குவதுபோல.

சமையலறை நிறைந்திருந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் மூச்சுவிட இடமில்லை. மேஜை நகர்ந்து சுவரோடு நசுங்கியது. எல்லோரும் ஒரே பக்கம் திரும்பி நிற்கிறார்கள் என்று அவளுக்குப் புரிந்தது. அடைத்த ஜன்னலைப் பார்த்து.

"நான் எடுத்துர்றேன்... கல்லெல்லாம் பேத்து எடுத்துர்றேன்..."

செங்கல்லில் ஒரு கம்பு தட்டியது. பிறகு பல கம்புகள். காரை உதிர்ந்தது. செங்கல் அசையவில்லை. நன்றாகத்தான் கட்டியிருந்தாள்.

தட்டல் நின்றது.

கணுக்காலை ஒரு கை பற்றியது. மற்றதை இன்னொரு கை. தூக்கினார்கள். பாவாடை முகத்தில் விழுந்தது. அதன் விளிம்புக்குக் கீழே, தலைகீழாக, இப்போது அவளுக்குப் பூட்ஸுகள் தெரிந்தன. வரிசை வரிசையாக, மண்ணும் வேரும் ஒட்டிய பூட்ஸுகள்.

இடது காலைப் பிடித்திருந்த கையில் ஒரு விரல் இல்லை.

"ஆம்புரோஸ்... நாந்தாங்க... என்னயப் பாருங்க..."

பிடி தளரவில்லை. உச்சந்தலைத் தழும்பு எல்லைக் கல்லைத் தொட்டது. மெதுவாக. தூக்கினார்கள். மறுபடி, இன்னும் கொஞ்சம் பலமாக.

வாசலில் இன்னும் உள்ளே வந்துகொண்டே இருந்தார்கள்.