வல்புர்கா அம்மாளின் எண்ணெய்

அன்று பின்னேரம் அந்த வீட்டில் இருந்தவர்கள்: குடும்பத்தின் மூத்தவர் யோசப், நடமாட்டம் இல்லாமல் கட்டிலில், அவருடைய தங்கை எவ்லின், பக்கத்துக் கதிரையில். வேறு ஒருவரும் இல்லை. இளையவள் அன்ரனிற்றா பேர்லினிலிருந்து தொலைபேசியில் கதைத்தாள். அதை இருந்ததாகக் கொள்ள முடியாது.

எண்ணெய் பூசுவதற்காக எவ்லின் போர்வைக்குள் கையை விட்டபோது, தமையனின் முழங்கால் ஏற்கெனவே ஈரமாக இருந்தது.

அந்த எண்ணெய் ஜேர்மனியின் அய்ஷ்டெற் நகர மடத்துக் கன்னியாஸ்திரிகள் கொடுத்தது. புனித வல்புர்காவின் எலும்புகளை வைத்த கல்லின் கீழ் குளிர்காலத்தில் துளித்துளியாகக் கசிவது; பெயர்தான் எண்ணெய், பார்வைக்குத் தண்ணீர். ஆளுக்கு ஒரு சிறு போத்தல்தான் கிடைக்கும். ஊரில் தீர்த்தம் குறையும்போது பச்சைத்தண்ணீர் விட்டு நிரப்புவதுபோல, எவ்லின் தேங்காயெண்ணெய் விட்டு நிரப்பினாள். ஒரு துளி தொட்டுச் செபிக்க வேண்டியதை, உச்சி முதல் பாதம் வரை தினமும் தேய்த்தாள்.

"அக்கா, உங்களுக்கு ஏலாது. வயசானாக்களைப் பாக்கிற ஹைமில விடுங்கோ," என்றாள் அன்ரனிற்றா. "மூண்டு நேரமும் உருளைக்கிழங்கு குடுப்பினம், அண்ணை பிஷப் மாதிரி வருவார்."

"தமையனைக் கொண்டுபோய்த் தள்ளினவள் எண்டு பேர் எடுக்கவோ? என்னை இஞ்ச கூப்பிட்டவர் அவர்."

"ஓம், கூப்பிட்டுச் சமைக்க விட்டவர்."

எவ்லின் தொலைபேசியை வைத்தாள். அவர் போய்விட்டால் இந்த நாட்டில் அவளை வாடி என்று கூப்பிட ஆளில்லை. அதனால்தான் ஒவ்வொரு பின்னேரமும் வல்புர்கா அம்மாளிடம் ஒரே மன்றாட்டு: அம்மா, அண்ணையை எடுக்காதேங்கோ.

யன்னலுக்கு வெளியே மூடுபனி தெருவிளக்கை மங்கலாக்கியிருந்தது, வெப்பமூட்டி முனகியது, அறையில் தேங்காயெண்ணெயோடு ஈரக்கல்லின் வாசமும் கலந்து கிடந்தது. அவள் வழக்கம்போல அம்மாளின் கதையைச் சொன்னாள்.

"இங்கிலாந்து ராசாவின்ர மகள். தகப்பன் யாத்திரை போற வழியில செத்துப்போனார். தமையன்மார் இஞ்ச வந்தினம், அவவும் வந்தா. வுனிபால்ட் எண்ட தமையன் செத்தாப்பிறகு அவற்ற மடத்தை அவதான் ஆண்டவ."

"பிறகு?"

மாதக்கணக்காக வாய் திறக்காத யோசப் கேட்டார்.

"பிறகு... அவவும் செத்தா. எலும்பு கசிஞ்சது."

"செத்தாப்பிறகுதானே?"

எங்கோ சொட்டும் சத்தம். எவ்லின் குசினிக்குப் போய்க் குழாயைப் பார்த்தாள், காய்ந்திருந்தது. வெப்பமூட்டியைத் தடவினாள், அதுவும் காய்ந்திருந்தது. சத்தம் கட்டிலின் கீழிருந்து வந்தது.

குனிந்தாள். பலகையின் இடுக்கில் ஒரு துளி. தெளிந்த துளி. விழுந்தது. இன்னொன்று.

போர்வையைத் தூக்கினாள்.

முழங்காலில் தோல் இல்லை. நனைந்த கடதாசிபோல அது ஒரு பக்கம் ஒதுங்கிக் கிடந்தது. இரத்தம் இல்லை. வெள்ளை எலும்பு. அதில் பனிபோல முத்து முத்தாக நீர்.

"அண்ணை, நோகுதோ?"

"இல்லை."

தொடை. இடுப்பு. அவள் பார்த்துக்கொண்டிருக்கவே தோல் மேலே மேலே விலகியது.

"எவ்லின், பாத்திரம் ஒண்டு கொண்டு வா."

கொண்டு வந்தாள்.

யோசப் மார்கழியில் இறந்துவிட்டார், குடும்பம் அதை மறைக்கிறது என்று ஊர்ச்சனம் கதைக்கிறது. அது பொய். கட்டிலில் இப்போது எலும்புகள் மட்டுமே இருக்கின்றன. ஒவ்வொரு பின்னேரமும் அவை தங்கையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகின்றன.