சுவரைப் பார்த்த மக்

"மேடம்மா, பெட்டியக் காணோம்!"

கவுண்ட்டரில் வேலை பார்க்கும் உத்தமன் போட்ட கூச்சலில், சற்றுமுன் உள்ளே வந்து உட்கார்ந்திருந்த ஜகதாம்பாள் எழுந்துவிட்டாள். 1999, ஜூலை மாதத்துச் சனிக்கிழமை. காலை பதினொரு மணி. அல்சூர் ஏரிக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த 'லாந்தர்' பப்பில் இன்னும் ஒரு வாடிக்கைக்காரர்கூட வரவில்லை.

காலை வேளையில் பப்புக்குப் போகிற பொம்பளையை ஊர் என்ன சொல்லும் என்று அவள் கவலைப்பட்டதே கிடையாது. பேசுகிற வாய் வலித்தால் தானே மூடிக்கொள்ளும் என்பது அவள் கட்சி. அப்பா மைசூர் சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்தவர். அவளுக்கு விமானத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை, ஒரு ரிவிட் ஆணி கோணியிருந்தால் சாப்பாடு இறங்காது. புருஷன் சாய்கிருஷ்ணா போய் மூன்று வருஷம். அவன் சனிக்கிழமைதோறும் கிடார் வாசித்துப் பாடிய இடம் இது. பாடினதெல்லாம் கேசட்டில் பிடித்து ஒரு தகரப் பெட்டியில் இருந்தது. அவன் குரல் இந்த உலகத்தில் வேறெங்கும் இல்லை. வாரா வாரம் அதில் ஒன்றைப் போட்டுக் கேட்டுக்கொண்டு, ஒரே ஒரு பீர் குடித்துவிட்டு, கஞ்சி போட்ட புடவை கசங்காமல் வீட்டுக்குப் போவாள்.

பெட்டி இருந்தது கவுண்ட்டருக்குப் பின்னால் சுவர் மாடத்தில். மாடத்துக்கு முன்னால் ஒரு பலகை, பலகையில் கொக்கிகள், கொக்கிகளில் பீர் குடிக்கிற ஆறு பீங்கான் மக்குகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் மட்டும் ஒரு சிநேகிதர் பெயர். மக்குகளை இறக்காமல் பெட்டியை வெளியே எடுக்க முடியாது. உத்தமன் கழுவுவதற்காக இறக்கினான், மாடம் காலி. அவன் இறக்குவதற்கு முன்னால் அந்த வரிசையை ஜகதாம்பாளும் பார்த்திருந்தாள். ஐந்து பெயர்களும், முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு வெள்ளை மக்கும். ஏதோ உறுத்தியது. கூச்சலில் அது மறந்துபோயிற்று.

முதலாளி மௌரீன் மாடத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

"போதும் ஜகா. அந்தப் பாட்டுக்காகத்தான் இந்த இடத்தை விக்கமாட்டேன்னு பில்டரோட இவ்ளோ நாள் சண்டை போட்டேன். அதுவே இல்லேன்னா இது வெறும் நாலு சுவர், மேன். சாயங்காலம் ஆறு மணிக்கு வர்றான். கையெழுத்துப் போட்டுடறேன்."

"போட்டாயானால் கையை ஒடிப்பேன்" என்றாள் ஜகதாம்பாள். அழுவதற்கு இது நேரமில்லை என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

பன்னிரண்டு மணிக்கு வெங்கடராமன் வந்தார். மௌரீன் போன் பண்ணியிருந்தாள். சாய்கிருஷ்ணாவின் காலேஜ் சிநேகிதர், பலகையில் அவர் மக்கும் உண்டு. புது மொட்டை பளபளத்தது. ஒரு கையில் திருப்பதி லட்டு, பின்னால் ஒரு சப்-இன்ஸ்பெக்டர்.

"நான்தான் கம்ப்ளைன்ட் குடுத்தேன் ஜகா. போன வெள்ளிக்கிழமை கிளம்பினவன், நேத்து சாயங்காலம்தான் ஊருக்கே வந்தேன். வந்ததும் வராததுமா இப்படிக் காதுல விழறது! லட்டு எடுத்துக்கோ."

"இன்னிக்கு இனிப்பு வேண்டாம் வெங்கட்ராமன்."

சப்-இன்ஸ்பெக்டர் பூட்டைப் பார்த்தார். உடையவில்லை. உத்தமன் பக்கம் திரும்பினார். கன்னட வாடையடிக்கும் தமிழ்.

"எந்த ஊரு?"

"ஜோகுபாளையம் சார்."

"சாவி எங்கே இருக்கும்?"

"பின்கதவு மேல, வென்டிலேட்டர்ல."

"யார் யாருக்குத் தெரியும்?"

"இந்த மக்குங்கள்ல பேரு இருக்கறவங்களுக்கு. என் பேரும் இருக்குது."

"ராத்திரி கடையைச் சாத்தினது நீதானே? நடியோ ஸ்டேஷனுக்கு!"

உத்தமன் கும்பிடவில்லை, காலில் விழவில்லை. நிமிர்ந்து நின்று கேட்டான். "ஏழைன்னா திருடனா சார்? நாளைக்கு என் பொண்ணு தாரணியப் பாத்து, திருடன் மவளேன்னு நாலு பேர் கூப்பிடவா?"

ஜகதாம்பாள் குறுக்கே போய் நின்றாள். "சார், ஆறு மணி வரைக்கும் டைம் குடுங்கோ. அதுக்குள்ள திருடனைக் காட்டலேன்னா இவனோட என்னையும் சேர்த்து ஜீப்பில ஏத்துங்கோ."

புடவையையும் நெற்றியையும் மேலும் கீழும் பார்த்தார் அவர். இந்த அம்மா செய்தாலும் செய்வாள் என்று பட்டிருக்க வேண்டும். வாசலில் ஒரு கான்ஸ்டபிளை நிறுத்திவிட்டுக் கிளம்பினார். தனக்கும் வேலை இருப்பதாகச் சொல்லி வெங்கடராமனும் கிளம்பினார். ஆறு மணிக்குக் கட்டாயம் வரவேண்டும் என்று அவரிடம் சொல்லியனுப்பினாள் ஜகதாம்பாள்.

மத்தியானம் உத்தமன் கழுவின மக்குகளைத் துடைத்து மாட்டினான். கடைசி மக்கைப் பெயர் தெரிகிற மாதிரி மாட்டி, ஒரு தட்டுத் தட்டினான். "சாய் சார், நீங்களாவது சொல்லுங்க, நானா எடுத்தேன்?"

ஜகதாம்பாள் விருட்டென்று எழுந்தாள். "உத்தமா! அதை ஏன் அப்படி மாட்டினே?"

"பின்ன? நீங்கதானம்மா போன சனிக்கிழமை திருப்பி வச்சீங்க!"

வாஸ்தவம். செத்தவர் மக் சுவரைப் பார்க்கவேண்டும் என்பது மௌரீனின் அப்பா காலத்து வழக்கம். சாய்கிருஷ்ணாவின் மக் மூன்று வருஷம் அப்படித்தான் தொங்கியது. போன சனிக்கிழமை பில்டரின் ஆள் வந்து, "செத்த ஆளோட பாட்டைக் கட்டிக்கிட்டு எத்தனை நாள் மேடம் அழுவீங்க?" என்று கேட்டுவிட்டான். ஜகதாம்பாளுக்கு வந்ததே கோபம்! ஸ்டூலைப் போட்டு ஏறி, மக்கைத் திருப்பி மாட்டினாள். "யாருடா செத்தது? இவன் பாட்டு இங்கே கேக்கற வரைக்கும் சபையைப் பார்த்துண்டுதான் தொங்குவான்!" பப்பே மேஜையைத் தட்டியது.

"நேத்து ராத்திரி இது எப்படி இருந்தது?" என்று உத்தமனைக் கேட்டாள்.

"பேரு தெரியத்தாம்மா. தெனமும் அந்தப் பேருக்கு குட்நைட் சொல்லிட்டுத்தானே லைட்டை அணைப்பேன்?"

மூன்று மணிக்குக் கிஷோர் பைக்கில் வந்து இறங்கினான். வேலூர்ப் பையன், சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. சனிக்கிழமை ராத்திரிகளில் இங்கே டிரம்ஸ்.

"நேத்து ராத்திரி எங்கேடா இருந்தே?"

"ஆபீஸ்லதான் மேடம். ஒய்-டூ-கே வேலை, ரெண்டாயிரம் பொறந்தா கம்ப்யூட்டரெல்லாம் குழம்பிடுமாம். உசிர வாங்கறானுங்க."

"சரி, சாய் மக்கை எடுத்துத் துடைச்சு மாட்டு."

அவன் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. எடுத்தான், சாய்கிருஷ்ணா என்ற பெயர் ஹாலைப் பார்க்கிற மாதிரி மாட்டினான். ஜகதாம்பாள் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள்.

மாலை ஆறு மணி. பில்டரின் ஆள் பத்திரத்தை மேஜையில் விரித்து, பேனாவைத் திறந்து வைத்திருந்தான். சப்-இன்ஸ்பெக்டர் வாட்சைப் பார்த்தார். வெங்கடராமன் மௌரீனுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். "மனசைத் தேத்திக்கோ மௌரீன், எல்லாம் நல்லதுக்குத்தான்."

ஆறு மக்குகளும் கவுண்ட்டர் மேல் கலைந்து கிடந்தன.

"வெங்கட்ராமன், நீங்கதான் உயரம். இதெல்லாம் எப்பவும் இருக்கற மாதிரி மாட்டிடுங்கோ. கடைசியா ஒரு தடவை அழகா பார்த்துக்கறோம்."

அவர் மாட்டினார். மௌரீன், ஜகதாம்பாள், உத்தமன், கிஷோர், தன்னுடையது. ஐந்து பெயர்களும் ஹாலைப் பார்த்தன. ஆறாவதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பெயரைச் சுவர்ப்பக்கம் திருப்பி, பயபக்தியாக மாட்டினார்.

"சார்…" என்று ஆரம்பித்த கிஷோர் வாயை மூடிக்கொண்டான்.

"இன்னிக்குக் காலைலயும் இப்படித்தான் தொங்கித்து" என்றாள் ஜகதாம்பாள். "மூணு வருஷம் பார்த்துப் பழகின கண்ணு, எனக்கே ஒறைக்கலை. பெட்டி போனது சட்டுனு தெரியக்கூடாதுன்னு, திருடன் பேர் பேராப் பார்த்து, வரிசை மாறாம மாட்டியிருக்கான். இருட்டுல அவசரமா இறக்கறச்சே எது எந்தப் பக்கம் பார்த்துதுன்னு கவனிச்சிருக்கமாட்டான். அவ்வளவு ஜாக்கிரதையா மாட்டினவன், மனசுல இருந்த மாதிரிதானே மாட்டுவான்? ஆனா நேத்து ராத்திரி சாய் ஹாலைப் பார்த்துண்டிருந்தான். அப்போ திருடனுக்கு நம்ம பழைய வழக்கம் தெரியும், புதுசு தெரியாது. மக்கை நான் திருப்பினபோது இந்த அஞ்சு பேர்ல இங்கே இல்லாதவர் ஒருத்தர்தான். திருப்பதியில மொட்டை போட்டுண்டிருந்தார்."

"என்ன ஜகா இது! மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடறே! பழக்க தோஷத்துல யார் வேணா மாட்டியிருக்கலாம்."

"அதையும் பார்த்தாச்சு. மத்தியானம் உத்தமன் மாட்டினான், கிஷோர் மாட்டினான். ரெண்டு பேரும் யோசிக்கக்கூட இல்லை. சுவரைப் பார்க்க மாட்டினது நீங்க ஒருத்தர்தான், அதுவும் கண்ணுல ஒத்திண்டு. பெட்டி எங்கே?"

வெங்கடராமன் மொட்டைத் தலையைத் தடவினார்.

"கார் டிக்கில இருக்கு. இங்கே கட்டப்போற புதுக் கட்டடத்துல எனக்கொரு ஃபிளாட் தரேன்னான் பில்டர். மௌரீனுக்கும் வயசாறதே, நல்லதுதானேன்னு… ஏரில போட்டுடலாம்னுதான் எடுத்துண்டு போனேன் ஜகா. கரையில நின்னுண்டே இருந்தேன். அவன் குரலாச்சே, கை வரலை."

"அவன் குரலைத் தண்ணியில போடக் கை வரலை. கம்ப்ளைன்ட் எழுதிக் குடுத்து உத்தமனை மாட்டிவிட மட்டும் வந்துதோ?" ஜகதாம்பாள் உத்தமன் பக்கம் கையை நீட்டினாள். "இவனோட ஒரே தட்டில் வேர்க்கடலை தின்னேளே வெங்கட்ராமன்! இதுக்குப் பேர்தான் உண்ட வீட்டுக்கு ரெண்டகம்."

கான்ஸ்டபிள் அவரோடு போய்ப் பெட்டியைக் கொண்டுவந்து கவுண்ட்டரில் வைத்தார். மௌரீன் அதைத் திறந்து, ஒவ்வொரு கேசட்டாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு பில்டரின் ஆள் பக்கம் போய்ப் பேனாவை மூடி, அவன் சட்டைப் பையில் செருகினாள்.

"கிளம்பு, மேன். நாளைக்கு பீர் குடிக்கணும்னா வா. காசு குடுத்துக் குடி."

"கேஸ் எழுதறதா?" என்று கேட்டார் சப்-இன்ஸ்பெக்டர்.

"கேஸ் வேணாம் சார். பெட்டி வந்தாச்சு" என்றாள் மௌரீன்.

"எனக்கு ஒண்ணு வேணும்" என்றான் உத்தமன். கவுண்ட்டரை விட்டு வெளியே வந்து, கையைக் கட்டாமல் நின்றான். "எல்லார் முன்னாடியும் ஸ்டேஷனுக்கு நடின்னீங்க. எல்லார் முன்னாடியும் ஸாரி சொல்லிட்டுப் போங்க சார்."

கான்ஸ்டபிள் கூரையைப் பார்த்தார். சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "ஸாரிப்பா" என்றார். கிஷோர் விசிலடித்தான்.

ஜகதாம்பாள் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். சாய்கிருஷ்ணாவின் மக்கை ஹால் பக்கம் திருப்பினாள். பிறகு வெங்கடராமன் என்று எழுதியிருந்த மக்கைக் கழற்றி, பெயரைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டினாள்.

"ஜகா, நான் உசிரோடதானே இருக்கேன்!" என்றார் வாசலில் நின்ற வெங்கடராமன்.

"வெளியில இருங்கோ, நன்னா இருங்கோ."

உத்தமன் கேசட்டைப் போட்டு, சத்தத்தை முழுக்கத் திருகினான். ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. உள்ளே சாய்கிருஷ்ணா பாட ஆரம்பித்தான்.