மாத்திரை வண்டி நின்ற இடம்

அக்கா வீட்டுக்கு நான் போனது ஒயரிங் வேலைக்குத்தான். படிக்கட்டில் வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்து, அவள் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். அத்தான் சும்மா இருப்பாரா? பக்கத்து அறையில் மேஜைமேல் பிளைவுட் பலகை போட்டு பொம்மை ரயில் பாதை கட்ட ஆரம்பித்துவிட்டார். அவருக்கு அது ரொம்ப நாள் ஆசை. அக்கா எழுந்து நடமாடியவரை அனுமதி கிடைக்கவில்லை.

"படுத்திருக்கிறவளுக்குப் பொழுது போகணுமே, மாப்ளே."

"எனக்காகவாம். நல்லாக் கேட்டுக்கோ," என்று அடுத்த அறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

உண்மையில் அவளுக்காகவும்தான். நடுச்சுவரில் செங்கல்லைப் பெயர்த்து ஓட்டை போட்டிருந்தார். தண்டவாளம் ஜன்னலோரம் வளைந்து, தெர்மோகோல் மலையைச் சுற்றி, அந்த ஓட்டை வழியாக அக்காவின் அறைக்குள் நுழையும். கட்டிலின் கால்மாட்டிலிருந்து அவள் கை எட்டும் இடம்வரை அடித்திருந்த பலகையில் போய்த் திரும்பும். திறந்த பெட்டியில் அவளுடைய மாத்திரைகள் போகும். மாத்திரை வண்டி என்று அக்காதான் பெயர் வைத்தாள்.

ஒயர்களைப் பற்றவைத்து, டிரான்ஸ்ஃபார்மரை மாட்டி ஓடவிட்டேன். ஜன்னலோரம் வந்ததும் வண்டி நின்றது.

அழுக்காக இருக்கும். தண்டவாளத்தில் துளி தூசி பட்டாலும் இந்த இன்ஜின்கள் முரண்டு பிடிக்கும். ஸ்பிரிட்டில் துணியை நனைத்துத் துடைத்தேன். மறுபடியும் நின்றது. மீட்டர் வைத்துப் பார்த்தால் கரண்ட் முழுசாக வருகிறது. விரலால் கொஞ்சம் தள்ளிவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். அடுத்த சுற்றில் அங்கேயே நிற்கும். இன்ஜினை மாற்றினோம். அந்தத் துண்டுத் தண்டவாளத்தையே கழற்றி வேறு போட்டோம். ஒரு பொம்மையிடம் என் தொழில் மானம் போய்க்கொண்டிருந்தது.

"மேஜையையே நகர்த்திப் பார்ப்போமா?" என்றார் அத்தான் விளையாட்டாக.

சுவரோரத்து இணைப்பைக் கழற்றிவிட்டு மேஜையை ஒரு முழம் இழுத்தோம். வண்டி பழைய இடத்தைத் தாண்டி ஓடியது. அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் நின்றது.

பலகையில் ஒரு முழம் தள்ளி. அறையில் அதே இடத்தில்.

ஜன்னலுக்கும் மூலைக்கும் நடுவில், மேஜை இல்லாவிட்டால் ஒரு ஆள் நிற்கக்கூடிய இடம் அது. கையை நீட்டினேன். ரொம்ப நாள் பூட்டிக்கிடந்த பெட்டியைத் திறந்தால் வருமே, அந்த வாடை அடித்தது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டேன்.

அத்தான் சிரித்தார். "நிக்கிற இடத்துல ஒரு ஸ்டேஷனைக் கட்டிட்டாப் போச்சு. அப்புறம் நிக்கலைன்னாதான் கோளாறு."

மேஜையைப் பழைய இடத்துக்கே தள்ளிவிட்டு அன்றைக்கே கட்டிவிட்டார். அட்டையில் பிளாட்பாரம், தீக்குச்சியில் ஒரு பெஞ்சு, அதன் மேலே நான் மாட்டிக்கொடுத்த கடுகளவு விளக்கு. பெயர்ப்பலகையில் என்ன எழுதுவதென்று தோன்றாமல் வெறுமையாகவே விட்டார்.

அதன்பிறகு வண்டி அங்கே நிற்கவில்லை.

மறுநாள் ஒரு சாண் தள்ளி நின்றது. அதற்கடுத்த நாள் மலையருகே. முந்தின நாள் நின்ற இடத்தில் தடையில்லாமல் ஓடும். புது இடத்தில் நிற்கும். நாங்கள் ஸ்டேஷனை விளையாட்டாகத்தான் கட்டினோம். அந்த மூலையில் நின்றிருந்த ஏதோ ஒன்று அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அது கிளம்பிவிட்டது.

ஒரு மத்தியானம் வண்டி சுவர் ஓட்டைக்குள் போனது. வெளியே வரவில்லை. குனிந்து பார்த்தோம். இருட்டில் கடைசிப் பெட்டியின் முதுகு தெரிந்தது. அந்த வாடையும் வந்தது.

"தள்ளிவிடவா?" என்று கிசுகிசுத்தார் அத்தான்.

"எந்தப் பக்கம் தள்ளுவீங்க?"

அவர் விரலை மடக்கிக்கொண்டார்.

அந்த வாரம்தான் அக்காவுக்கு மாவுக்கட்டைப் பிரித்திருந்தார்கள். கால்விரல்கள் நன்றாக அசைந்தன, சீக்கிரமே நடந்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். விரல்களை ஆட்டி ஆட்டி எங்களுக்குக் காட்டுவதுதான் அவளுக்கு வேலை. வண்டி ஓட்டைக்குள் நின்ற மறுநாள் நாங்கள் உள்ளே போனபோது அவள் ஆட்டவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாத்திரை வரலை. அங்கேயே நிக்குது."

வண்டி அவள் கால்மாட்டில் நின்றிருந்தது.

அத்தான் குறடை எடுத்து வந்து தண்டவாளத்தைப் பிடுங்க ஆரம்பித்தார். பார்த்துப் பார்த்துக் கட்டிய மலை, பிளாட்பாரம், பெஞ்சு எல்லாம் சாக்குப்பைக்குள் போயின. நான் சிமென்ட் குழைத்து ஓட்டையை அடைத்தேன். கடைசி ஆணியைக் கழற்றும்போது அக்கா மெதுவாகச் சொன்னாள்.

"இதுவரைக்கும் அது எங்க நிக்குதுன்னாவது தெரிஞ்சுது."

அவள் சொன்னது சரிதான்.

மறுநாள் காலையில் அவள் கால்மாட்டில் ஸ்டூல்மேல் இருந்த டேபிள் ஃபேன் நின்றுபோனது. டெஸ்டரை வைத்தேன், அதன் விளக்கு எரிந்தது; கரண்ட் வருகிறது. மோட்டார் காயில் போயிருக்கும் என்றார் அத்தான், என் முகத்தைப் பார்க்காமல்.

கொஞ்ச நேரத்தில் ஃபேன் தானாகச் சுற்றியது.

"கால்விரல் அசையலை," என்றாள் அக்கா.

அன்றைக்கே அவளைக் காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு, ஊரின் மறுகோடியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்துவிட்டோம். வழியில் டாக்டரிடம் காட்டினோம். நரம்புப் பரிசோதனை முடிந்து, முடிவுகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார் அவர்.

"நரம்புல சிக்னல் முழுசாப் போகுது. ஏன் அசையலைன்னுதான் புரியலை."

மீட்டரைப் பிடித்துக்கொண்டு நான் சொன்ன அதே பேச்சு.

என் வீட்டில் முதல் இரவு நல்லபடியாகக் கழிந்தது. விடிந்ததும் அத்தான் கூப்பிட்ட கூப்பாட்டில் ஓடினேன். அக்காவின் விரல்கள் ஐந்தும் அசைந்துகொண்டிருந்தன. அவர் அந்தப் பாதத்தைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் சந்தோஷத்தில் இல்லை.

"முழங்காலை மடக்கு, அக்கா," என்றேன்.

மடங்கவில்லை.

அடுத்த நாள் முழங்கால் அழகாக மடங்கி நீண்டது. அவளைத் தூக்கி உட்காரவைக்க முயன்றோம்; இடுப்பு கல்லாகக் கிடந்தது. குணமாகிக்கொண்டே வருகிறது, கீழேயிருந்து மேலே ஒவ்வொன்றாகச் சரியாகிறது என்று அத்தான் எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னார். நான் அவரைத் தடுக்கவில்லை. தடுத்து என்ன செய்ய? பிடுங்கிப்போட இங்கே தண்டவாளம் இல்லை.

அவர் அந்தப் பக்கம் போனதும் அக்கா என் கையைப் பிடித்தாள். அவள் மூச்சில் அந்தப் பெட்டி வாடை லேசாக இருந்தது.

"அடுத்து எங்கடா நிக்கும்?"

அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

இன்று காலையில் அவள் இடுப்பு நன்றாக அசைந்தது.