வீட்டுத் துணிக்கு நம்பர் கிடையாது

காலை எட்டு மணிக்கே அந்த வீட்டில் பேச்சு சூடேறிவிட்டது. கொழுந்தனுக்கு வெளிநாட்டில் இரண்டு பிசினஸ் காலேஜில் இடம் கிடைத்திருந்தது. எதில் சேருவது என்று அன்று பன்னிரண்டு மணிக்குள் ஏஜென்ட் ஆபீஸுக்குப் போய்ச் சொல்லியாக வேண்டும்.

"பெரிய காலேஜ்தான்! அந்தச் சின்ன ஊர் காலேஜ்ல போய் நான் என்னத்தக் கிழிக்கப் போறேன்?"

"எங்க வேணா போ தம்பி. சட்டை மட்டும் கசங்காமப் போ" என்று சிரித்தாள் அண்ணி, அவனுடைய வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டே.

சலவைக் கடைக்குப் பின்னால்தான் வீடு. அவள் கல்யாணமாகி வந்தபோது, தாயில்லாத இந்தக் கொழுந்தனுக்கு ஆறு வயது. ஒற்றை இஸ்திரிப் பெட்டியோடு அவள்தான் கடையை ஆரம்பித்தாள். துணி மாறிப் போகாமல் இருக்கக் காலருக்குள் அழியாத மையில் நம்பர் எழுதுவதும் அவள் யோசனைதான். வீட்டுத் துணிக்கு மட்டும் நம்பர் போட மாட்டாள். "நம்ம துணி நமக்குத் தெரியாதா?" என்பாள்.

மேஜையில் இரண்டு விண்ணப்பங்களையும் புரட்டிக்கொண்டிருந்த அவள் மகள் திடீரென்று நிமிர்ந்தாள்.

"அம்மா... சின்ன காலேஜுக்கு, 'எனக்குத் தொழில் கத்துக்கொடுத்தது எங்க அண்ணி'ன்னு சித்தப்பா எழுதியிருக்காரு. பெரிய காலேஜுக்கு..."

கொழுந்தன் பாய்ந்து வந்து தாளைப் பிடுங்கினான். பிடுங்கிவிட்டால் படித்தது இல்லையென்று ஆகிவிடுமா?

"...யாருமே இல்லாம வளர்ந்தாராம்! இந்தக் கடைய அவரே ஆரம்பிச்சாராம்! அன்னைக்கு வீடியோ இன்டர்வியூல நீ தண்ணி கொண்டு போனியே... அது யாருன்னு கேட்டாங்க. வேலைக்காரின்னு இங்கிலீஷ்ல சொன்னாரும்மா! என் காதாலயே கேட்டேன்... உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல..."

அன்று அவள் திரையைப் பார்த்துக் கைகூப்பியிருந்தாள். வெளிநாட்டு வாத்தியார்கள் தன்னைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று தெரு முழுக்கச் சொல்லிப் பூரித்திருந்தாள். இப்போது பெட்டியைத் தூக்கி நிமிர்த்தி வைத்தாள். சட்டையைத் தீய விடவில்லை.

"அண்ணி... தானா முன்னுக்கு வந்தவனத்தான் அவங்களுக்குப் புடிக்கும்னு சொன்னாங்க..."

"உனக்குக் காய்ச்சல்னா கண்ணு மூடாம உக்காந்திருந்தேனே தம்பி... அது யாரு? யாருமே இல்லையா?"

கடைப் போன் அடித்தது. எண்ணைப் பார்த்ததும் அவன் முகம் வெளிறிப் போனது. பெரிய காலேஜுக்காக விவரங்களைச் சரிபார்க்கும் ஆபீஸ்!

"அண்ணி... ஒரே ஒரு வார்த்தை... என் வாழ்க்கையே உங்க கையில..."

அவள் எடுத்தாள்.

"ஆமாங்க... கடை அவரு ஆரம்பிச்சதுதாங்க... நம்பரா? அதுவும் அவரு யோசனைதாங்க."

"நீங்க யாரும்மா?"

மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"நான்... இங்க வேலைக்கு இருக்குறவங்க."

"நீங்க தெய்வம் அண்ணி!" என்றான் கொழுந்தன், போனை வைத்ததும். அவள் மைப் பேனாவை எடுத்து, அந்த வெள்ளைச் சட்டையின் காலரைப் பிரித்து ஏதோ எழுதி, ஊதிக் காயவைத்து, அவனிடம் நீட்டினாள்.

"போட்டுக்கிட்டுப் போங்க. நேரமாச்சு."

இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவனுக்கு 'ங்க' போட்டாள். அவன் காலரைப் பார்த்தான். நானூற்றுப் பன்னிரண்டு.

"அண்ணி... இது கஸ்டமர் துணிக்குப் போடுறது..."

"ஆமா. நான் வேலை பாக்குற இடத்துல துணி மாறிடக் கூடாதுல்ல?"

குரலில் கோபம் துளியும் இல்லை. கோபம் இருந்திருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான். சட்டையை மார்போடு அணைத்தபடி தரையில் உட்கார்ந்து, ஆறு வயதில் அழுதது போலவே கேவிக் கேவி அழுதான். பிறகு எழுந்து அதே எண்ணுக்குப் போன் போட்டான்.

"சார்... இப்பப் பேசினது எங்க அண்ணி. என்னை வளர்த்தவங்க. கடை அவங்களோடது. நான் எழுதினதுதான் பொய்..."

"ஐயோ, வேணாம்டா! எல்லாம் போயிடும்டா!" என்று ஓடிவந்து அவன் கையைப் பிடித்தாள் அண்ணி.

"போகட்டும் அண்ணி. சின்ன காலேஜ்ல நிஜத்தத்தான் எழுதியிருக்கேன். அது போதும்."

அவனைக் கட்டிக்கொண்டு கதறினாள். கதறிக்கொண்டே முந்தானையை நனைத்து அந்தக் காலரைத் தேய்த்தாள்... தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"போக மாட்டேங்குதேடா... பாவி, நானே எழுதிட்டேனே..."

"இருக்கட்டும் அண்ணி. நான் செஞ்சது எனக்கு மறக்கக் கூடாது."

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு ஏஜென்ட் ஆபீஸுக்குக் கிளம்பினான். அவனை அவள் அப்போதே மன்னித்துவிட்டாள். ஆனால் தன் வாயாலேயே சொன்ன அந்த ஒரு வார்த்தை மட்டும் நெஞ்சை விட்டு இறங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவன் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய மற்ற சட்டைகளை எடுத்து, நம்பர் போடாமல், ஒவ்வொன்றாகத் தேய்க்க ஆரம்பித்தாள்.