தைத்த விரல்

தனபாலன் ஊசி முனையால் குத்தியபோது காளியம்மாவுக்கு வலிக்கவில்லை. ஆள்காட்டி விரல் சில்லென்று நனைந்தது.

"தண்ணி ஊத்துறீங்களா ஐயா?" என்றாள், மூடிய கண்ணைத் திறக்காமல்.

"ஊசியாலதானே குத்துறேன்."

கண்ணைத் திறந்தாள். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் நின்றது. தண்ணீர் எங்கும் இல்லை.

"நரம்பு தைச்ச விரல் அப்படித்தான் இருக்கும்," என்றார் தனபாலன், தோட்டத்து ஆஸ்பத்திரியின் டிரஸ்ஸர். "உணர்ச்சி திரும்பும்போது எறும்பு ஊரும், ஷாக் அடிக்கும், சூடுகூடக் குளிராத் தெரியும். நாளைக்கே கேட் வேலைக்குப் போயிடு. துரை கேட்டுக்கிட்டே இருக்காரு."

காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு ஒரு பிடி அரிசியும் போகக் கூடாது என்று, வெள்ளைக்காரர்கள் மலாயாவில் செலண்டார் பக்கத்துத் தோட்டங்களையெல்லாம் கம்பி வேலிக்குள் அடைத்திருந்த காலம் அது. ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும் பெண்களின் மடியையும் இடுப்பையும் தடவிப் பார்த்து வெளியே விடுவது காளியம்மாவின் வேலை. குஞ்சம்மாவின் இடுப்பில் கட்டியிருந்த அரிசிப் பையைக் கண்டுபிடித்ததும் அவள்தான். அவள் போட்ட சத்தத்தில் காவலர்கள் ஓடி வருவதற்குள் குஞ்சம்மா பால்வெட்டுக் கத்தியை வீசிவிட்டாள். காளியம்மாவின் ஆள்காட்டி விரலின் உள்பக்கச் சதை தோலோடு பெயர்ந்து போயிற்று. குஞ்சம்மாவை லாரியில் ஏற்றி ஆற்றுப் பக்கம் கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அவளைக் கண்டவர் இல்லை.

மலாக்கா ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர், அறுந்த நரம்பை முடியைவிட மெல்லிய நூலால் இணைத்தார். நடுவிரலின் பின்பக்கத் தோலை ஒரு ஓரம் மட்டும் ஒட்டியிருக்க உரித்துப் புரட்டி, ஆள்காட்டி விரலின் புண்மேல் போர்த்தினார். தோல் பிடிக்கும்வரை இரண்டு விரல்களும் ஒன்றாகத் தைக்கப்பட்டுக் கிடந்தன. பிறகு பிரித்துவிட்டார். பார்வைக்கு விரல் நன்றாகத்தான் இருந்தது.

தொழிலாளர் லயத்தில் யாரும் அவளிடம் பேசவில்லை. குழாயடிக்கு அவள் போனால், பாதி நிறைந்த வாளிகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள் நகர்ந்தார்கள்.

மறுநாள் விடிந்தும் வெளிச்சம் வரவில்லை. ரப்பர் மரங்களுக்கிடையிலிருந்து இறங்கிய பனி கேட்டை மூடியிருக்க, பழைய பால் புளித்த நாற்றமும் ஈரச் சாக்கின் நாற்றமும் கலந்து வர, வாளிகள் ஒன்றோடொன்று இடிக்கும் ஓசை மட்டும் வரிசையின் கடைசிவரை போய்த் திரும்பியது. காளியம்மா முதலில் மங்களத்தின் இடுப்பைத் தடவினாள். மற்ற விரல்களுக்கு வியர்வையும் சூடும் தெரிந்தன. ஆள்காட்டி விரலுக்கு மட்டும் ஊறிய துணி தெரிந்தது. துணிக்கு அடியில் சேறு.

கையை இழுத்துப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

அடுத்தவளிடம் சேறு இல்லை. தோல் இருந்தது. நீரில் வெகுநாள் கிடந்து உப்பிய தோல், அழுத்தினால் குழிந்து மீளாத தோல். எதிரே நின்றவளோ ஒல்லியானவள், கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். காளியம்மா விரலை முகர்ந்தாள். பாசி வாடை.

"சீக்கிரம்லா," என்றான் துப்பாக்கியோடு நின்ற பிச்சைமுத்து.

"உடம்பு சரியில்லை அண்ணே. வேற யாரையாச்சும் விடுங்க."

"கையை ஏன் மடக்கிக்கிற? யாரை விடப் பார்க்கிற?" அவன் கிட்டே வந்தான். "அரிசி வெளியில போனா, லாரியில அடுத்து ஏறப்போறது நீதான். நல்லாத் தேடு."

மடக்கிய விரலை நீட்டினாள். அடுத்தவள். அதற்கடுத்தவள். ஒவ்வொருத்தியின் சட்டைக்கு அடியிலும் அதே குளிர்ந்த உடம்பு. ஒரே உடம்பு. விலா எலும்பு. தோள். முழங்கை. விரல் அதன்மேல் இறங்கிக்கொண்டே போனது.

வரிசையின் கடைசியில் ராஜம்மா நின்றாள், குஞ்சம்மாவின் நாத்தனார். சொல்லாமலே இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கினாள். முகத்தில் கோபம்கூட இல்லை.

"தேடு அக்கா," என்றாள்.

காளியம்மா அவள் கைலி மடிப்புக்குள் கையை விட்டாள். குளிர். ஒரு மணிக்கட்டு. அதற்குக் கீழே உள்ளங்கை, மல்லாந்து விரிந்திருந்தது.

அது மூடியது.

ஒவ்வொரு விரலாக, அவசரமில்லாமல், தைத்த விரலைச் சுற்றிப் பிடித்தது. காளியம்மா இழுத்தாள். வரவில்லை. நகம் ஒன்று தையல் தழும்பின் ஓரத்தைத் தேடிப்போய் நின்றது. அழுத்தியது.

"என்ன, அரிசியா?" பிச்சைமுத்து துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கினான்.

காளியம்மா நிமிர்ந்து பார்த்தாள். பனிக்குள், தலைக்குமேல், ராஜம்மாவின் இரண்டு கைகளும் வெறுமையாக விரிந்திருந்தன. கைலிக்கு அடியில் அந்தப் பிடி விரலைத் தாண்டி மணிக்கட்டுக்கு ஏறி, அவளை உள்ளே இழுக்கத் தொடங்கியது.